எட்டாவது ஆள்

கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ராக் குழுவை முதலில் கேட்டபோது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. கீழே அவர்களுடைய ஒரு லைவ் ஆல்பத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடப்போகிறேன் என்பதால் இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பெங்களூரில் வேலை பார்த்த காலம். பக்கத்து நாற்காலிக்காரர் ஒரு பென் டிரைவ் நிறையப் பாட்டு கொடுத்தார். அதிலிருந்து ஒரு ஸ்டுடியோ ஆல்பத்தைப் போட்டேன். மெலிசான குரல், அவசரமே இல்லாத தாளம், எங்கே போகிறோம் என்ற கவலை துளியும் இல்லாத கிட்டார். லெட் செப்பெலினில் ஊறிய காதுக்கு உப்பு போடாத உப்புமா. மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "கல்யாணத்துக்கே போகாம, பத்திரிகையைப் பார்த்துட்டு சாப்பாடு சரியில்லைன்னு சொல்றீங்க" என்றார். அப்புறம் ஒரே ஒரு ராத்திரிக் கச்சேரியை மட்டும் தனியாகப் போட்டுக் கொடுத்தார். 1977 மே 8, நியூயார்க் மாநிலத்தின் இத்தாக்கா ஊரில் உள்ள கார்னெல் பல்கலைக்கழகம், பார்ட்டன் ஹால். அந்த வாரக் கடைசியில் சேலத்துக்குப் பேருந்தில் வரும்போது கேட்டேன். ஓசூர் தாண்டியதும் ஆரம்பித்தேன். முதல் பாதி முழுக்கப் பாதித் தூக்கம்தான். தருமபுரி நெருங்கும்போது முன் சீட்டுக் கம்பியில் தாளம் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன் போல. பக்கத்தில் இருந்த பெரியவர், "தம்பி, கொஞ்சம் தூங்க விடுப்பா" என்றார்.

அந்தப் பதிவு 40 வருடம் ஆல்பமாக வெளிவராமலேயே ஊர் சுற்றியது. 2017 மே மாதம்தான் அதிகாரப்பூர்வமாக மூன்று சிடிகளில் வந்தது. அதே வாரத்தில் நடந்த இன்னும் மூன்று கச்சேரிகளைச் சேர்த்து 11 சிடி கொண்ட பெட்டியாகவும் வந்தது. வேடிக்கை என்னவென்றால், அதற்குச் சில வருடங்கள் முன்பே, 2011ஆம் ஆண்டுக்கான தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் இந்தக் கச்சேரியைச் சேர்த்துவிட்டது. கடையில் காசு கொடுத்து வாங்கவே முடியாத ஒன்றை நாட்டின் சொத்து என்று எழுதி வைத்துவிட்டார்கள்.

கடைக்கு வராத பாட்டு ஊருக்கெல்லாம் எப்படித் தெரிந்தது என்றால், அதுதான் இந்தக் குழுவின் வழக்கம். 1965இல் கலிஃபோர்னியாவில் ஆரம்பித்து, 1995இல் கிட்டார்காரர் ஜெர்ரி கார்சியா இறக்கும்வரை 2,300க்கும் மேற்பட்ட கச்சேரிகள். இன்று வாசித்த வரிசை நாளை கிடையாது. அதனால் ஒவ்வொரு ராத்திரியும் ரசிகர்களுக்குத் தனிப் பொருள். டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வந்து பதிவு செய்தார்கள், குழு தடுக்கவில்லை. 1984இல் அரங்கிலேயே பதிவுக்காரர்களுக்கென்று தனி இடமே ஒதுக்கினார்கள். ஒரே நிபந்தனை, விற்கக் கூடாது, மாற்றிக்கொள்ளலாம். காலி கேசட்டையும் திரும்ப அனுப்பத் தபால் செலவையும் சேர்த்து முன்பின் தெரியாத ஆளுக்கு அனுப்பினால் பாட்டு நிரம்பி வரும். பிற்பாடு இணைய ஆவணக் காப்பகத்தில் இந்தப் பதிவுகள் குவிந்தன. 2005 நவம்பரில் சவுண்ட்போர்டிலிருந்து, அதாவது மேடை ஒலியைக் கலக்கும் பலகையிலிருந்து நேராக எடுத்த பதிவுகளைத் தரவிறக்க முடியாமல் பூட்டினார்கள், கேட்க மட்டும்தான் முடியும் என்று. ரசிகர்கள் போட்ட சத்தம் கொஞ்சநஞ்சமில்லை. காசு கொடுக்காத ரசிகனுக்கு இவ்வளவு கோபம் வருகிற அளவுக்கு உரிமை கொடுத்து வைத்த குழு வேறு எனக்குத் தெரியாது.

சரி, அந்த ராத்திரிக்கு வருவோம். அன்று ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவில் அன்னையர் தினம். மே மாதம் பிறந்து ஒரு வாரம் ஆன பிறகும் இத்தாக்காவில் பனி கொட்டியிருக்கிறது. பார்ட்டன் ஹால் ராணுவப் பயிற்சிக்காகக் கட்டிய பெரிய கூடம். அப்புறம் விளையாட்டு அரங்கம் ஆனது. இசைக்கென்று கட்டிய இடம் இல்லை. மேடையில் ஏழு பேர். கிட்டாரும் குரலுமாக ஜெர்ரி கார்சியா, பாப் வியர். பேஸ் கிட்டாரில் ஃபில் லெஷ். பியானோவில் கீத் காட்ஷா. பாட அவர் மனைவி டோனா ஜீன். ட்ரம்ஸில் பில் க்ரூட்ஸ்மன், மிக்கி ஹார்ட். கார்சியாவுக்கு வலது கையில் நடுவிரல் முக்கால்வாசி கிடையாது. சின்ன வயதில் விறகு வெட்டும்போது அண்ணன் கைக் கோடரி பட்டுப் போனது.

இரண்டு ட்ரம்ஸ்காரர்கள் இருக்கும் குழு பெரும்பாலும் சந்தைக்கடையாகத்தான் இருக்கும். இவர்களும் நிறைய ராத்திரிகளில் அப்படித்தான் இருந்திருக்கிறார்கள். 1977இன் தொடக்கத்தில் ஒரு ஸ்டுடியோ ஆல்பத்துக்காகக் கீத் ஓல்சன் என்ற தயாரிப்பாளரிடம் மாட்டினார்கள். அவர் திரும்பத் திரும்ப ஒத்திகை பார்க்க வைத்து, முக்கியமாக ட்ரம்ஸ்காரர்கள் இருவரையும் ஒரு வழிக்குக் கொண்டுவந்தார். அந்த வாத்தியார் அடித்த அடியின் பலன் இந்த மே மாதக் கச்சேரிகளில் தெரிகிறது. தளர்வான ஆட்கள்தான், ஆனால் கால் இடறவில்லை.

முதல் பாதியைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். நல்ல பாட்டுகள், சுத்தமான வாசிப்பு. அன்னையர் தினத்தன்று, பெற்றவள் எவ்வளவு சொல்லியும் கேட்காமல் ஜெயிலுக்குப் போன மகன் பாடும், கண்ட்ரி பாடகர் மெர்ல் ஹாகர்டின் பாட்டு ஒன்றை எடுத்திருக்கிறார்கள், யாருடைய குறும்போ. கடைசியில் 'டான்சிங் இன் த ஸ்ட்ரீட்' டிஸ்கோ வேடம் போட்டுக்கொண்டு கால் மணி நேரம் ஆடுகிறது. டிஸ்கோ என்றதும் முகம் சுளிக்கும் பழைய ரசிகர்கள் உண்டு. எனக்கு அந்த இடத்தில் கார்சியாவின் கிட்டார் வாய் திறந்து வாய் மூடுகிற மாதிரி 'வாவ் வாவ்' என்று பேசுவது பிடிக்கும்.

இரண்டாம் பாதிதான் விஷயம். ஆரம்பிப்பதற்கு முன் ஒரு சின்ன களேபரம். முன்வரிசையில் இருப்பவர்கள் நசுங்குகிறார்கள், எல்லோரும் ஓர் அடி பின்னால் போங்கள் என்று மேடையிலிருந்து கெஞ்சுகிறார்கள். அதையும் ஆல்பத்தில் விட்டு வைத்திருக்கிறார்கள். அப்புறம் 'ஸ்கார்லெட் பெகோனியாஸ்' ஆரம்பித்து, நிற்காமல் 'ஃபயர் ஆன் த மவுண்டன்' ஆக மாறுகிறது. இரண்டும் சேர்ந்து 25 நிமிடத்துக்கு மேல். இந்த ஜோடியை அவர்கள் மேடையில் முதன்முதலில் சேர்த்து வாசித்தே இரண்டு மாதம்கூட ஆகவில்லை. எந்த இடத்தில் முதல் பாட்டு முடிந்து இரண்டாவது தொடங்குகிறது என்று நான் பத்துத் தடவையாவது பின்னால் தள்ளிக் கேட்டிருக்கிறேன். டோனா ஜீன் சொல் இல்லாமல் குரலை மட்டும் இழைக்கிறார். ஒருவர் இன்னும் பழைய வீட்டில் இருக்கிறார், இன்னொருவர் ஒரு பெட்டியைப் புது வீட்டில் வைத்துவிட்டார், ட்ரம்ஸ்காரர்கள் வாசலில் நிற்கிறார்கள். இரண்டு நிமிடம் கழித்துப் பார்த்தால் குடும்பமே குடிபோயிருக்கிறது.

'ஃபயர் ஆன் த மவுண்டன்' பாட்டில் மொத்தமே இரண்டு கார்டுதான், அதாவது ஒன்றாகச் சேர்ந்து ஒலிக்கும் இரண்டே சுரக்கொத்து. அதை வைத்துக்கொண்டு கால் மணி நேரம் ஓட்டுவது எப்படிச் சலிக்காமல் இருக்கிறது என்பதற்கு ஒரு காரணம், அதன் பிறப்பு. அது தாள வாத்தியக்காரர்களின் கூடத்தில் பிறந்த பாட்டு. மிக்கி ஹார்ட்டும் தபலாக்காரர் ஜாகிர் உசேனும் சேர்ந்து நடத்திய திகா ரிதம் பேண்ட் 1976இல் ஓர் ஆல்பம் வெளியிட்டது. கார்சியாவும் அதில் கிட்டார் வாசித்தார். அதில் உள்ள ஒரு துண்டுதான் பிறகு சொல் சேர்ந்து இந்தப் பாட்டானது. ஹார்ட்டுக்கு நம் ஊர்த் தொடர்பும் வந்தது: 1991இல் அவர் கொண்டுவந்த 'பிளானட் டிரம்' ஆல்பத்தில் ஜாகிருடன் நம் விக்கு விநாயக்ராமின் கடமும் இருக்கிறது, உலக இசை என்ற பிரிவில் கொடுத்த முதல் கிராமி விருது அதற்குத்தான் போனது. இதே பாதியில் வரும் 'எஸ்டிமேட்டட் ப்ராஃபெட்' ஏழு எண்ணிக்கையில் போகும் பாட்டு. மிஸ்ர சாபுவில் பழகிய கை அதற்குத் தானாகத் தொடையைத் தட்டும். கேட்கிறவர்கள் சோதித்துக்கொள்ளலாம்.

கடைசியில் 'மார்னிங் டியூ'. கனடாப் பாடகி பானி டாப்சன் 60களின் தொடக்கத்தில் எழுதியது. அணுகுண்டுப் போருக்குப் பிறகு மிஞ்சிய ஓர் ஆணும் பெண்ணும் பேசிக்கொள்கிறார்கள். கிட்டத்தட்ட 14 நிமிடம். ஆரம்பத்தில் இரண்டு சுரத்துக்கு நடுவில் மூச்சு விட்டு வரலாம், அவ்வளவு நிதானம். முடிவில் கார்சியா ஒற்றைச் சுரங்களை விட்டுவிட்டு கார்டுகளை வேகவேகமாக விசிறத் தொடங்குகிறார். அந்தக் கடைசி இரண்டு நிமிடத்தில் அவர் என்ன செய்தார் என்று நான் விளக்கப் போவதில்லை. கேட்டுக்கொள்ளுங்கள், நல்ல ஹெட்போனில்.

இனி என் வழக்கு. இந்தக் கச்சேரிதான் அவர்களுடைய தலைசிறந்த ராத்திரி என்று ஒரு கட்சி. இல்லை, அளவுக்கு மீறிக் கொண்டாடப்பட்டது என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சியும் மேடையில் இருந்த ஏழு பேரைப் பற்றியே பேசுகின்றன. எட்டாவதாக ஒரு ஆள் அங்கே இருந்தார். பெட்டி கான்டர்-ஜாக்சன் என்ற பெண்மணி. குழுவின் ஒலிப்பதிவாளர். 60களின் கடைசியிலிருந்தே கூட இருந்தவர். அவர் பதிவு செய்த ரீல்களுக்கு ரசிகர்கள் மத்தியில் 'பெட்டி போர்ட்ஸ்' என்றே பெயர்.

கூடத்தில் இருப்பவர்களுக்காக ஸ்பீக்கரில் போகும் கலவையை அப்படியே டேப்பில் இறக்கினால் கேட்கச் சகிக்காது. குரல் மண்டையைப் பிளக்கும், ட்ரம்ஸ் எங்கோ கிணற்றுக்குள் கேட்கும். பெட்டி செய்தது வேறு. டேப்புக்கென்று தனியாக, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வாசிக்க வாசிக்கவே கலந்தார். நேராக இரண்டு டிராக்கில். இதன் அர்த்தம் புரிகிறதா? ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனித் தடத்தில், பல டிராக்கில் பதிவு செய்தால் அப்புறம் ஸ்டுடியோவில் உட்கார்ந்து கிட்டாரை ஏற்றலாம், குரலைக் குறைக்கலாம். இரண்டு டிராக்கில் அது முடியாது. அந்த நொடியில் விரல் எங்கே இருந்ததோ அதுதான் கடைசிவரை. 2017இல் டேப்பின் வேகத் தடுமாற்றத்தைச் சரிசெய்து மாஸ்டரிங் செய்தார்கள். அவர் கலந்த கலவையில் கை வைக்க வழியே இல்லை. லெஷின் பேஸ் நம் வயிற்றில் நிற்பதும், இரண்டு கிட்டாரும் இரண்டு தோளில் உட்கார்வதும், பியானோ எதன் கீழும் புதையாமல் இருப்பதும் அந்த விரல்களின் முடிவு. கார்சியா 'மார்னிங் டியூ'வில் அப்படிப் பொங்கும்போது பதற்றத்தில் அவர் அளவைச் சட்டென்று இறக்கியிருந்தால் நமக்குக் கிடைத்திருப்பது வேறு பாட்டு.

லைவ் என்று போட்டு விற்கும் ஆல்பங்களில் பாதி, வீட்டுக்கு வந்து ஒப்பனை போட்டவை. இதே குழு 1972இன் ஐரோப்பியப் பயணத்திலிருந்து வெளியிட்ட புகழ்பெற்ற மூன்று தட்டு ஆல்பத்தில் குரல்களை ஸ்டுடியோவில் திரும்பப் பாடிச் சேர்த்தார்கள். அருமையான ஆல்பம், மறுக்கவில்லை. ஆனால் கார்னெலில் தொண்டை கம்மிய இடம் கம்மியபடியே இருக்கிறது. எனக்கு அதுதான் வேண்டும்.

அந்த டேப்புகளுக்கு நேர்ந்த கதி இன்னொரு கதை. 80களில் பெட்டிக்குக் குழுவோடு வேலை முடிந்துபோயிருந்தது. பணக் கஷ்டம். ரீல்களையெல்லாம் ஒரு வாடகைக் கிடங்கில் போட்டிருந்தார். வாடகை கட்ட முடியவில்லை. 1986இல் கிடங்கில் இருந்ததை ஏலம் விட்டுவிட்டார்கள். பழைய சோபாவோடும் அட்டைப்பெட்டியோடும் அமெரிக்க இசையின் ஒரு பத்தாண்டு கைமாறியது. வாங்கியவர்களிடமிருந்து சில ரீல்களை ரசிகர்கள் தேடிப் பிடித்துத் துடைத்துச் சுத்தம் செய்து நகலெடுத்துப் பரப்பினார்கள். மூல டேப்புகள் குழுவின் கிடங்குக்குத் திரும்பிவர அதற்குப் பிறகு 30 வருடம் ஆனது. நாடாளுமன்ற நூலகம் பட்டியலில் சேர்த்த நேரத்தில் மூல டேப் குழுவின் கையிலேயே இல்லை.

இதனால்தான் 'தலைசிறந்த ராத்திரி' சண்டையில் எனக்கு ஆர்வம் குறைந்துவிட்டது. 2,300 ராத்திரிகளில் இதைவிட நன்றாக வாசித்த ராத்திரி நிச்சயம் இருக்கும். அன்று பெட்டி ஹெட்போனோடு உட்கார்ந்திருக்கவில்லை, அல்லது உட்கார்ந்திருந்தும் ரீல் பூஞ்சை பிடித்துப் போயிற்று. நாம் 'சிறந்தது' என்று சொல்வது, நன்றாக வாசித்து, நன்றாகப் பதிவாகி, ஏலத்தில் தப்பி, யாரோ புண்ணியவான் கையில் சிக்கிய ராத்திரியைத்தான். ஆல்பத்தின் அட்டையைப் பார்த்துவிட்டு ஏழு பேரைப் புகழ்கிறவர்கள் எட்டாவது பெயரையும் ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லலாம்.

புதிதாகக் கேட்கப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை: முதல் சிடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். நேராக 'ஸ்கார்லெட் பெகோனியாஸ்'. பிடித்தால் முன்னால் போங்கள், பிடிக்காவிட்டால் என்னைத் திட்டிவிட்டு உப்புமா சாப்பிடப் போங்கள். கச்சேரியின் ஆகக் கடைசிப் பாட்டு சனிக்கிழமை ராத்திரியைப் பற்றியது, வாசித்தது ஞாயிற்றுக்கிழமை. அதையெல்லாம் கண்டுகொள்ளாத குழு.

அப்புறம், மறுநாள் மே 9ஆம் தேதி பஃபலோவில் வாசித்ததுதான் கார்னெலை விட உசத்தி என்று என்னிடம் சண்டைக்கு வரும் அந்தப் பழைய பக்கத்து நாற்காலிக்காரருக்கு: போன மாதம் திரும்பக் கேட்டேன், ஒப்புக்கொள்கிறேன். அதைப் பதிவு செய்ததும் பெட்டிதான்.