மீன் தொட்டியில் ஐஸ் போடாதீர்கள், மூடியைத் திறங்கள்

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் எனக்கு வரும் போன் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். "நேத்து ராத்திரி வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு, காலையில பார்த்தா பெரிய மீன் மிதக்குது." காரணம் கேட்டால் வெயில் என்பார்கள். வெயில்தான் காரணம், சந்தேகமே இல்லை. ஆனால் அது எந்த வழியில் கொல்கிறது என்பதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. நம் வீட்டுத் தொட்டிகளில் கோடையில் சாகும் மீன்கள் பெரும்பாலும் மூச்சு முட்டித்தான் சாகின்றன. இத்தனை வருடம் மீன் வளர்த்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்த விஷயம் இது. இதைப் புரிந்துகொண்டால் ஐஸுக்கு ஓடுவதா, மூடியைத் திறப்பதா என்ற குழப்பமே வராது.

தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்து நிற்கும் ஆக்சிஜன் குறையும். 25 டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீரில் அதிகபட்சம் 8.3 மில்லிகிராம் நிற்கும். 30 டிகிரியில் 7.6. 35 டிகிரியில் ஏறக்குறைய 7. இவ்வளவுதானே குறைகிறது என்று தோன்றும். வரவு கொஞ்சம்தான் குறைகிறது, செலவுதான் எகிறிவிடுகிறது. மீனுக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே வைத்துக்கொள்ளத் தெரியாது. தண்ணீர் எவ்வளவு சூடோ உடம்பும் அவ்வளவு சூடு. பத்து டிகிரி ஏறினால் அதற்கு வேண்டிய ஆக்சிஜன் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிடும். சரளையிலும் ஃபில்டரிலும் இருக்கும் பாக்டீரியாக்களுக்கும் இதே கதைதான். மிச்சம் கிடக்கும் தீனி வேகமாக அழுகி அதன் பங்குக்கும் ஆக்சிஜனை இழுக்கும். போதாததற்கு மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா. பிஎச் 8, அதாவது கொஞ்சம் காரத்தன்மை இருக்கும் தண்ணீரில், 25 டிகிரியில் மொத்த அம்மோனியாவில் நூற்றுக்கு 5 பங்கு விஷ வடிவில் இருக்கும் என்றால், 30 டிகிரியில் அது 7 பங்கைத் தாண்டிவிடும். தண்ணீர் அதே தண்ணீர், மீன் அதே மீன், சூடு மட்டும் ஏறியிருக்கிறது.

சரி, ஏன் பெரும்பாலும் விடியற்காலையில் சாகிறது? செடி வைத்த தொட்டி என்றால் விளக்கை அணைத்த பிறகு செடியும் ஆக்சிஜனை எடுக்க ஆரம்பித்துவிடும், கொடுக்காது. ஆகவே இரவு முழுக்கக் குறைந்துகொண்டே வந்து, பொழுது விடியும் நேரத்தில்தான் ஆகக் குறைவாக இருக்கும். நம் வீடுகளில் அந்த நேரம் பார்த்துத்தான் ஏர் பம்ப் நின்றிருக்கும். 'கொர்ர்' என்று சத்தம் போடுகிறது, தூக்கம் வரவில்லை என்று படுக்கப்போகும்போது அணைத்துவிடுவார்கள். பெரிய மீன் முதலில் போவதற்கும் காரணம் இருக்கிறது. தண்ணீரில் ஆக்சிஜன் குறையும்போது பெரிய உடம்பு முதலில் தவிக்கும். குளங்களில் மீன் செத்து ஒதுங்கும்போதும் அப்படித்தான், பெரியதெல்லாம் முதலில் கரைக்கு வரும்.

போன மே மாதம் கீழ்வீட்டு அக்கா கூப்பிட்டார். "தம்பி, கொஞ்சம் வந்து பாருங்களேன், எல்லா மீனும் மேலயே வந்து நிக்குது." இரண்டடித் தொட்டி, உள்ளே ஐந்து தங்கமீன்கள். மேலே பிளாஸ்டிக் ஹூட், அதற்குள் பழைய ட்யூப்லைட் பகலிலேயே எரிந்துகொண்டிருந்தது. ஹூட்டைத் தூக்கியதும் சோற்றுப்பானையைத் திறந்தது மாதிரி முகத்தில் ஆவி அடித்தது. உள்பக்கம் முழுக்க நீர்த்துளிகள். ஃபிரிட்ஜ் ட்ரேயிலிருந்து போட்ட ஐஸ் கட்டிகள் பாதி கரைந்து மிதக்கின்றன. அவற்றுக்கு நடுவே ஐந்து வாய்களும் மேல்பரப்பை ஒட்டித் திறந்து திறந்து மூடுகின்றன. செவுள் மூடிகள் படபடவென்று அடிக்கின்றன. ஒரு மீன் ஐஸ் கட்டி ஒன்றை மூக்கால் தள்ளிக்கொண்டே காற்றுக்குத் தவித்தது. விளக்கை அணைத்தோம். குழந்தை தூங்குகிறது என்று பிடுங்கி வைத்திருந்த ஏர் பம்பை மாட்டினோம். ஒரு சொம்பை எடுத்து அதே தண்ணீரை மொண்டு, ஓர் அடி உயரத்திலிருந்து அதே தொட்டியில் ஊற்றிக்கொண்டே இருந்தேன். அரைமணி நேரத்தில் ஐந்தும் கீழே இறங்கி வழக்கம்போலச் சரளையைக் கிளற ஆரம்பித்தன. தெர்மாமீட்டர் அப்போதும் 32-ல்தான் நின்றது. சூடு குறையவே இல்லை. மூச்சு மட்டும் கிடைத்தது.

இனி ஐஸ் கணக்குக்கு வருகிறேன். ஒரு கிலோ ஐஸ் உருகி, தொட்டித் தண்ணீரின் சூட்டுக்கு வருவதற்கு சுமார் 460 கிலோஜூல் வெப்பத்தை இழுக்கும். 100 லிட்டர் தண்ணீர் ஒரு டிகிரி குறைய 420 கிலோஜூல் போக வேண்டும். ஆக, இரண்டரை அடித் தொட்டியில் ஒரு கிலோ ஐஸ் போட்டால் ஒரு டிகிரிதான் இறங்கும். அதுவும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஏறிவிடும். அதே ஒரு கிலோவை 10 லிட்டர் கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டால் 31 டிகிரியிலிருந்து 21-க்கு ஒரேயடியாக விழும். பெரிய தொட்டியில் வீண், சின்னக் கிண்ணத்தில் ஆபத்து. சூடு இப்படிச் சட்டென்று ஏறி இறங்கினால் மீனின் எதிர்ப்புச் சக்தி போய்விடும். அடுத்த வாரம் உடம்பெல்லாம் உப்பு தூவியது போல வெள்ளைப் புள்ளி நோய் வந்து நிற்கும். ஐஸ் போட்டதும் மீன் அமைதியானது என்று சிலர் சொல்வார்கள். திடீர்க் குளிரில் அது சுருண்டு கிடப்பதை அமைதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இப்போது இன்னொரு கணக்கு. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகிப் போனால் அது எடுத்துச் செல்லும் வெப்பம் ஏறக்குறைய 2,400 கிலோஜூல். ஐந்து கிலோ ஐஸ் செய்யும் வேலையை ஒரு லிட்டர் ஆவி செய்துவிடுகிறது, அதுவும் நாள் முழுக்க மெதுவாக, மீனுக்கு அதிர்ச்சி இல்லாமல். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இந்தக் கணக்கில்தான். பானைக்குப் பிளாஸ்டிக் உறை போட்டால் குளிருமா? ஹூட் மூடிய தொட்டியும் அதே நிலைமையில்தான் இருக்கிறது.

அதனால் மார்ச் கடைசியிலேயே ஹூட்டைக் கழற்றிப் பரணில் போட்டுவிடுங்கள். ஒரு சின்ன டேபிள் ஃபேனோ, கிளிப் ஃபேனோ, கம்ப்யூட்டரில் இருக்குமே அந்தச் சின்ன ஃபேனோ போதும். தண்ணீரின் மேல்பரப்பைச் சாய்வாகத் தடவிக்கொண்டு காற்று போக வேண்டும், சிற்றலை ஓட வேண்டும். அலை ஓடினால் ஆவியும் போகும், ஆக்சிஜனும் உள்ளே வரும். ஒரே ஃபேன் இரண்டு வேலையையும் செய்வதால்தான் இதை இவ்வளவு வற்புறுத்துகிறேன். இரண்டிலிருந்து நான்கு டிகிரி வரை இறங்கும். ஃபேனை நன்றாகக் கட்டி வையுங்கள், தண்ணீருக்குள் விழக்கூடாது. வயர் பிளக்குக்குப் போகுமுன் கீழே தொங்கி வளைந்து ஏறட்டும். அப்போதுதான் வயரில் வழியும் சொட்டு பிளக்கில் இறங்காது. மீன் துள்ளி வெளியே விழும் என்ற பயம் நியாயமானது. ஒரு சட்டத்தில் பெரிய கண் வலையை இழுத்துக் கட்டி மேலே வைத்துவிட்டால் போதும்.

ஊருக்கு ஊர் பலன் மாறும். வேலூர், திருச்சி, மதுரை போன்ற வறண்ட காற்று அடிக்கும் ஊர்களில் ஃபேன் பிரமாதமாக வேலை செய்யும். சென்னையில் மதியத்துக்குப் பிறகு கடற்காற்று வந்தால் வெயில் தணியும், ஆனால் ஈரப்பதம் ஏறிவிடுவதால் ஆவியாவது குறையும். கடற்காற்று வராமல் ஏமாற்றும் நாள்தான் மோசமான நாள். இன்னொன்று, கத்திரி முடிந்தாச்சு என்று காலண்டரைப் பார்த்து மூடியைத் திரும்பப் போட்டுவிடாதீர்கள். சென்னையில் 45 டிகிரி பதிவானது 2003 மே 31-ல், வழக்கமாகக் கத்திரி விடைபெறும் தேதியைத் தாண்டி.

ஃபேன் வைத்தால் தண்ணீர் குறையும். என் தொட்டியில் தினமும் ஒரு லிட்டருக்கு மேல் போகும். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பெல்லாம் உள்ளேயே தங்கிவிடும். மறுபடி மறுபடி போர் தண்ணீரையே ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். குறைந்ததை ஈடுகட்ட மட்டும் ஆர்ஓ தண்ணீர் ஊற்றுங்கள், சேமித்த மழைத்தண்ணீர் இருந்தால் இன்னும் நல்லது.

தண்ணீர் மாற்றும்போது மொட்டைமாடி சின்டெக்ஸ் தொட்டியை மறந்துவிடாதீர்கள். மே மாத மதியத்தில் அந்தக் குழாயில் கை வைக்க முடியாது. அதை நேராக மீன் தொட்டியில் திறந்துவிடுவது கொடுமை. முந்தின நாளே வாளியில் பிடித்து வீட்டுக்குள் வைத்து, காலையில் தொட்டியில் நாலில் ஒரு பங்கு மட்டும் மாற்றுங்கள். தீனியைப் பாதியாக்குங்கள். தொட்டிக்குள் முழுகி ஓடும் மோட்டார் எத்தனை வாட்டோ அத்தனையும் கடைசியில் சூடாகத் தண்ணீரில்தான் இறங்கும். அதனால் முடிந்தவர்கள் கோடைக்கு ஏர் பம்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டருக்கு மாறலாம். கரண்ட் போகும் ஊர்களில் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருந்தே ஆக வேண்டும். ஐஸ்பெட்டியைவிட அதுதான் அவசரத்துக்கு உதவும்.

தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் மெஷின் வாங்கலாமா என்று கேட்கிறார்கள். கடல் மீனும் பவளமும் வைத்திருப்பவர்களுக்கு வேண்டியிருக்கும். நன்னீர்த் தொட்டிக்கு அந்தச் செலவு தேவையில்லை என்பது என் கருத்து. சென்னை கொளத்தூர்ப் பக்கம் மீன் பண்ணைகளுக்குப் போய்ப் பாருங்கள். நம் தலைமேல் அடிக்கும் அதே வெயில்தான். திறந்த சிமெண்ட் தொட்டி, மேலே பச்சை நிழல்வலை, இடைவிடாமல் ஓடும் ஏர் லைன். இதை வைத்துத்தான் அங்கே பல குடும்பங்கள் மீன் வளர்த்துப் பிழைக்கின்றன.

எந்த மீனை வாங்குகிறோம் என்பதிலும் நமக்குப் பொறுப்பு இருக்கிறது. தங்கமீன் 20 டிகிரி பக்கம் சுகமாக இருக்கும் மீன். மிஸ் கேரளா மேற்குத் தொடர்ச்சி மலையின் குளிர்ந்த ஓடும் ஆற்றில் பிறந்தது, அழியும் பட்டியலில் வேறு இருக்கிறது. இவற்றை மொட்டைமாடிக்குக் கீழே உள்ள வீட்டில், ஃபேன் கூட இல்லாமல் வைக்க நினைப்பது நியாயமில்லை. கௌராமிக்கும் ஃபைட்டருக்கும் நம் பனையேறிக் கெண்டைக்கு இருப்பது போலவே வெளிக்காற்றை நேராகச் சுவாசிக்கும் உறுப்பு இருக்கிறது. டிஸ்கஸ் 28, 30 டிகிரியைத்தான் விரும்பும். ஆரஞ்சு குரோமைட் நம் கரையோர நீர்நிலைகளிலேயே வாழ்கிற மீன். சூடான வீடு என்றால் இவற்றை யோசியுங்கள்.

கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். ஏப்ரல், மே இரண்டு மாதமாவது வட்டக் கண்ணாடிக் கிண்ணத்தில் தங்கமீனைப் போட்டு விற்காதீர்கள். லீவுக்கு வரும் பிள்ளைகள் ஆசையாகக் கேட்பார்கள், தெரியும். பெரிய தொட்டியும் ஏர் பம்பும் வாங்க முடியாது என்கிறவர்களுக்கு ஒரு ஃபைட்டரைக் கொடுங்கள்.

இதைப் படிப்பவர்கள் விடியற்காலை ஐந்து மணிக்கும் மதியம் மூன்று மணிக்கும் உங்கள் தொட்டியில் தெர்மாமீட்டர் என்ன காட்டுகிறது என்று பார்த்து, ஊர்ப்பெயரோடு கீழே கமென்டில் போடுங்கள். மூடி இருக்கிறதா, ஃபேன் இருக்கிறதா என்பதையும் எழுதுங்கள். மீன்கள் இப்போதே மேலே வந்து வாய் பிளந்துகொண்டிருந்தால் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம். முதலில் போய் மூடியைத் திறந்து, ஒரு சொம்பால் தண்ணீரை மொண்டு ஊற்றுங்கள்.