கறுத்தது துக்கத்தில் இல்லை, ஈயத்தில்

நேற்றிலிருந்து எல்லார் டைம்லைனிலும் சுற்றும் அந்த அசிசிப் பதிவைப் பற்றித்தான். இத்தாலியின் அசிசி தேவாலயச் சுவரில் சிமாபூவே என்ற ஓவியர் தீட்டிய சிலுவைக் காட்சியில் முகங்கள் கறுத்திருப்பது, ஆண்டவர் உயிர்விட்டபோது பூமியைச் சூழ்ந்த இருளின் குறியீடாம். கீழே ஹார்ட்டுக்குக் குறைச்சலே இல்லை.

இல்லைங்க. அது ஈயம்.

1280 வாக்கில் வரைந்தபோது அந்த இடமெல்லாம் வெளிச்சம், ஈயத்திலிருந்து செய்யும் ஈய வெள்ளை என்ற நிறப்பொடி. அதையே முட்டை மஞ்சள் கருவில் குழைத்துப் பலகையில் பூசினால் கரு போர்த்திக் காக்கும். சியெனாவில் 1311-ல் தூச்சோ முடித்த மாயெஸ்தா என்ற மாதா பலகை ஓவியத்தில் வெள்ளை இன்னும் வெள்ளைதான். சுண்ணாம்புச் சுவரில் அந்தக் காப்பு கிடையாது. ஈரமும் காரமும் சேர, ஈயம் ஆக்சிஜனேறிக் கரும்பழுப்பாகிவிடும். வெளிச்சம் இருட்டாகி, நிழல் வெளுப்பாகத் தெரியும், பழைய ஃபிலிம் நெகட்டிவ் மாதிரி. குறியீடென்றால் நிழல் எதற்கு வெளுக்க வேண்டும்? பதிவர் அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

இது லேப் வந்தபிறகு தெரிந்த ரகசியமும் இல்லை. 1400 வாக்கில் சென்னினோ சென்னினி என்ற ஓவியரே தன் கைநூலில் எழுதிவைத்தார்: சுவரில் ஈய வெள்ளை கூடியவரை வேண்டாம், நாளாக ஆகக் கறுக்கும். மாற்றும் சொன்னார். நன்றாக நீற்றிய சுண்ணாம்பைப் பொடித்துத் தொட்டியில் போட்டு, எட்டு நாள் தினமும் தண்ணீர் மாற்றிக் காரத்தை இறக்க வேண்டும். பிறகு சின்ன வில்லைகளாகத் தட்டி வெயிலில் காயவைக்க வேண்டும். கிடக்கக் கிடக்க வெளுப்பு கூடும்.

"அப்போ குறியீடே இல்லையா? விசுவாசத்தைக் கொச்சைப்படுத்துறியா?" என்று கேட்கிறார்கள். மரியாளின் நீல மேலாடை குறியீடுதான், யார் இல்லை என்றது? ஆனால் உயர்ந்த நீலம் பதக்‌ஷான் மலையில், இன்றைய ஆப்கானிஸ்தான் பக்கம், வெட்டிய லாபிஸ் என்ற நீலக்கல்லை அரைத்தது. 1485-ல் பிளோரன்ஸில் ஓவியர் கிர்லாண்டாயோவோடு போட்ட ஒப்பந்தத்தில், அவுன்ஸ் நாலு ஃபுளோரின் (அந்த ஊர்த் தங்கக் காசு) பெறும் நீலம்தான் வேண்டும் என்று எழுதியே வாங்கினார்கள். கொடுத்தவர்களுக்கே கூசாத விலையைச் சொன்னால் உங்களுக்கு ஏன் பக்தி குறைகிறது?

"சாமானியனுக்கு இவ்வளவு கெமிஸ்ட்ரி எதற்கு?" சரிதான், சாமானியனுக்குக் கட்டுக்கதை போதும். திருத்திச் சொல்கிறவன் வறட்டு ஆள், அவனுக்கு ஒரு சிரிப்பு எமோஜி. வலிக்கத்தான் செய்கிறது.

இந்த லட்சணத்தில் அந்தப் பதிவரின் அடுத்த பாகம் வேறு வந்துவிட்டது: சியெனா ஓவியங்களில் மாதாவின் பச்சை முகம் "மரண நிழல்". சதை நிறத்துக்கு அடியில் பச்சை நிற மண்ணை இரண்டு கை பூசி, மேலே இளஞ்சிவப்பை மெல்லிசாக ஏற்றுவது அந்த ஓவியர்கள் வழக்கம். பின்னாளில் சுத்தம் செய்கிறேன் என்று அழுத்தித் துடைத்தவர்கள் மேல்பூச்சைக் கரைத்துவிட்டார்கள், அடிப்பச்சை வெளியே வந்தது. தங்கப் பின்னணியில் தெரியும் சிவப்பு "கிறிஸ்துவின் இரத்தம்" என்பது அதற்கும் மேலே. அது முட்டை வெள்ளைக்கருவில் அரைத்த செம்மண். நாலு கை பூசி, ஈரம் காட்டித் தங்க ரேக்கை ஒட்டி, நாய்ப்பல்லாலோ ஹெமடைட் என்ற இரும்புத்தாதுக் கல்லாலோ தேய்த்து மெருகேற்றுவார்கள். ரேக்கு தேய்ந்த இடத்தில் மண் எட்டிப்பார்க்கிறது. ரேக்கின்மேல் ரேக்கு ஏறிய விளிம்பில் தங்கம் இரட்டை, அங்கே சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. இரத்தம் அந்த விளிம்பை மட்டும் எப்படிப் பார்த்து ஒதுங்கியதாம்?