எந்த ஆன்டிஆக்ஸிடன்ட்டைச் சொல்கிறீர்கள்?

அக்காவுக்கு ரத்தசோகை; ஹீமோகுளோபின் 8.4. மூன்று மாதம் விடாமல் இரும்பு மாத்திரை சாப்பிட்டும் 8.9-ஐத் தாண்டவில்லை. மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகம், அதனால்தான் ஏறவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். புதிதாகப் பார்த்த டாக்டரம்மா, "வீட்டில் சாப்பிடுகிற எல்லா டப்பாவையும் எடுத்துக்கிட்டு வாங்க" என்றார்.

அப்போதுதான் தெரிந்தது. இரும்பு மாத்திரை, கிரீன் டீ சாறு கேப்சூல், மஞ்சளிலிருந்து எடுக்கும் குர்குமின் கேப்சூல் மூன்றையும் காலை டிபன் முடிந்த கையோடு விழுங்கி, மேலே ஒரு டீயும் குடித்து வந்திருக்கிறாள். "ஆன்டிஆக்ஸிடன்ட் உடம்புக்கு நல்லதுதானே டாக்டர்?" என்று அவள் கேட்டபோது எனக்குப் பாவமாக இருந்தது. அவளுக்கு அப்படித்தானே சொல்லி விற்றிருக்கிறார்கள்.

எனக்குக் கோபம் 'ஆன்டிஆக்ஸிடன்ட்' என்ற அந்த ஒற்றைச் சொல்லின் மேல்தான். செல்கள் சேதமாவதைத் தடுக்கும் பொருள் எல்லாவற்றுக்கும் அதே பெயர். வைட்டமின் சி-யும் ஆன்டிஆக்ஸிடன்ட், கிரீன் டீயில் இருக்கும் கேட்டச்சினும் ஆன்டிஆக்ஸிடன்ட். ஆனால் இரும்பு விஷயத்தில் இரண்டும் எதிரும் புதிரும். கீரை, பருப்பு, கேழ்வரகில் உள்ள இரும்பைக் குடல் லேசில் உறிஞ்சாது. வைட்டமின் சி அதைக் கரையும் வடிவுக்கு மாற்றித் தருகிறது. சாப்பாட்டோடு ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ சேர்ந்தால் நல்லது என்பது இதனால்தான். ஆனால் கேட்டச்சின், டீயில் இருக்கும் டானின், குர்குமின் எல்லாம் இரும்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். பிடிபட்ட இரும்பு ரத்தத்தில் சேராமலே வெளியேறிவிடும்.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 1975-லேயே தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள், ரொட்டியோடும் சோற்றோடும் டீ குடித்தால் இரும்பு சேர்வது குறைகிறது என்று காட்டிவிட்டார்கள். வைட்டமின் சி கூட இருந்தபோதும் டீ தடுத்தது.

குழம்பில் போடும் மஞ்சளைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். மஞ்சள்தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான். கேப்சூலில் 95 சதவீதம் என்று லேபிளிலேயே போட்டிருப்பார்கள். 500 மில்லிகிராம் கேப்சூல் ஒன்றில் இருப்பது ஏறக்குறைய 15 கிராம் மஞ்சள்தூளின் குர்குமின். எந்த வீட்டில் ஒரு ஆளுக்கு ஒரு வேளைக்கு அவ்வளவு மஞ்சள் போடுகிறோம்? மஞ்சள் கேப்சூலை அதிக அளவில் சாப்பிட்டு ரத்தசோகை வந்த ஒருவரைப் பற்றி அமெரிக்க மருத்துவர்கள் 2019-இல் எழுதியிருக்கிறார்கள்.

சரி, அப்படியானால் வைட்டமின் சி மாத்திரையை எல்லோரும் வாங்கிப் போடலாமா? அதுவும் கூடாது. தலசீமியா போல உடம்பில் இரும்பு தேங்கும் நோய் உள்ளவர்களுக்கு அது ஆபத்து, டாக்டர் சொல்லாமல் தொடவே கூடாது.

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. பாதிக்கு மேல்! இப்படி ஒரு ஊரில் இந்தக் கேப்சூல்களை விற்கிறவர்கள், "இரும்பு மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிடாதீர்கள்" என்று டப்பாவில் தமிழில் பெரிய எழுத்தில் அச்சடிக்க வேண்டும். கட்டாயமாக்க வேண்டும் என்றே சொல்வேன்.

அக்கா இரண்டு கேப்சூலையும் நிறுத்திவிட்டாள். ரத்தப்போக்குக்கும் தனியாக மருந்து எடுக்கிறாள். இரும்பு மாத்திரை டிபனுக்கு முன்னால் வெறும் தண்ணீரில், டீ இரண்டு மணி நேரம் கழித்து. போன வாரம் பார்த்தபோது 10.7.