செயலி எதற்கு என்று முதலில் முடிவு செய்வோம்

போன மாதம் திருகோணமலையில் ஒரு சிறிய கூட்டத்துக்குப் போயிருந்தேன். அருங்காட்சியகத்துக்கு வருகிறவர்களுக்கு ஒரு கைபேசிச் செயலி செய்ய வேண்டும், அதில் என்னென்ன இருக்கலாம் என்று பேசக் கூப்பிட்டிருந்தார்கள். இரண்டு மணி நேரத்தில் வெள்ளைப் பலகை நிரம்பிவிட்டது. வரைபடம், ரிக்கற், வினாவிடை விளையாட்டு, முப்பரிமாணப் படம், செல்ஃபி, நினைவுப்பொருள் கடை. இது யாருக்கு, எந்த நேரத்தில் உதவப்போகிறது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. நானும் அன்றைக்குக் கேட்காமல் வந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு அக்காவின் மகனைக் கூட்டிக்கொண்டு கோணேசர் கோயிலுக்குப் போனேன். கோயிலுக்குப் போகும் வழியில் இருக்கிற பிரட்றிக் கோட்டை வாசலில் என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டான்.

"மாமா, இந்தக் கல்லில ஏன் மீன் கீறியிருக்கு?"

ஒன்பது வயது. பின்னால் ஓட்டோக்காரர் ஹோர்ன் அடிக்கிறார், மற்றப் பிள்ளைகள் மான் பார்க்க உள்ளே ஓடுகிறார்கள். அந்தக் கல்லில் இரட்டை மீன் இருக்கிறது, தேய்ந்துபோன தமிழ் எழுத்தும் இருக்கிறது. முன்னே குளக்கோட்டன் என்ற அரசன் கோயிலுக்குச் செய்த திருப்பணியைப் பின்னே பறங்கி பிரிப்பான் என்று சொல்லும் பாட்டின் துண்டு அது. போர்த்துக்கேயர் கோயிலை இடித்து, அந்தக் கற்களைக்கொண்டே கோட்டையைக் கட்டினார்கள். 1639இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள், 1795இல் ஆங்கிலேயர். பிரட்றிக் என்ற பெயர் வந்தது 1803இல். இவ்வளவும் எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த வாசலில் நின்றுகொண்டு ஒரு சின்னப் பிள்ளைக்கு விளங்கும்படி சொல்ல வாயில் வார்த்தை வரவில்லை. "பிறகு சொல்லுறன்" என்று இழுத்துக்கொண்டு போய்விட்டேன். இரவெல்லாம் அது மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது.

செயலியின் வேலை அந்த வாசலில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒரு பொருளுக்கு முன்னால் நிற்கிறவரின் மனதில் எழும் முதல் கேள்விக்கு, அவருடைய மொழியில், காதால் கேட்கும்படி பதில் சொல்ல வேண்டும். அதைச் சரியாகச் செய்த பிறகு மற்றதைப் பார்க்கலாம்.

காதால் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு பக்கம் நிறைய எழுதித் திரையில் போட்டால், கல்லைப் பார்க்க வந்தவர் போனைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஆம்ஸ்டர்டாமின் ஸ்டெடலிக் அருங்காட்சியகத்தில் 1952இலேயே சிற்றலை வானொலி வழியாகப் பார்வையாளரின் காதில் விளக்கம் சொன்னார்கள். கண் ஓவியத்தில், குரல் காதில். எழுபது வருடம் கழிந்தும் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

வெளிநாட்டுச் செயலிகளைக் காட்டி, அவர்களிடம் இருப்பதெல்லாம் எங்களுக்கும் வேண்டும் என்று கூட்டத்தில் சிலர் சொன்னார்கள். நியூயோர்க்கின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் 2010இல் கொண்டுவந்த செயலி வழி காட்டியது உண்மைதான். அங்கே மண்டபத்துக்கு மேல் மண்டபம், ஆட்கள் வழிதவறிப் போவார்கள். ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட்டில் உள்ள மோனா என்ற அருங்காட்சியகத்தில் சுவரில் குறிப்பு எதுவும் இல்லை, அதனால் கையில் இருக்கும் கருவிதான் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். அவரவர் இடத்தில் இருந்த சிக்கலுக்கு அவரவர் தீர்வு தேடியிருக்கிறார்கள். எங்கள் ஊர் அருங்காட்சியகத்தில் யாரும் வழிதவறுவதில்லை. பொருளைப் பார்த்துவிட்டு ஒன்றும் விளங்காமல் நகர்ந்து போகிறார்கள். அதுதான் எங்கள் சிக்கல்.

அப்புறம் மொழி. மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் வருகிற பிள்ளை கேட்பதும், அனுராதபுரத்திலிருந்து பஸ்ஸில் வருகிற குடும்பம் கேட்பதும் ஒன்றாக இருக்காது. ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழிலும் சிங்களத்திலும் பெயர்த்துப் போட்டால் இரண்டு பேருக்கும் பதில் கிடைக்காது. அவர்களோடு நின்று, கேள்விகளை அவர்கள் வாயால் கேட்டு எழுத வேண்டும். டேட்டா இல்லாத போனிலும் வேலை செய்ய வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

போன கிழமை என் போனில் ஒன்றரை நிமிடம் பேசிப் பதிவு செய்தேன், அந்த மீனைப் பற்றி மட்டும். மருமகனை மறுபடியும் வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காதில் கொடுத்தேன். கல்லிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான். முடிந்ததும், "மிச்ச எழுத்து எங்க போச்சு மாமா?" என்றான்.

அதற்குப் பதில்தான் இரண்டாவது ஒலிப்பதிவு. இந்த வாரம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.