உம்கேனி ஆத்துல ஒரு படகு, கேப்டவுன்ல ஒரு புதன்கிழமை

தென்னாப்பிரிக்காவுல டர்பன்ல எம்19 ரோட்டுல ரிசர்வாயர் ஹில்ஸ் பக்கம் போனா கீழ தகரமும் பலகையும் வச்சு நெருக்கி நெருக்கி கட்டின குடிசைங்க தெரியும். குவாரி ரோடு வெஸ்ட்னு பேரு, ஆயிரம் குடும்பம் கிட்ட இருக்காங்க, பக்கத்துலயே பால்மியட்னு ஒரு சின்ன ஆறு ஓடுது, மழை இல்லாத மாசத்துல பாத்தா வாய்க்கால்னுதான் சொல்லுவீங்க. நான் அந்த ஊர்ல வேலை பாத்த காலத்துல தினம் அந்த வழியாதான் போவேன். ரொம்ப நாள் நின்னு பாத்ததே இல்ல.

2022 ஏப்ரல் 11, 12 ரெண்டு நாள்ல அங்க பெய்ஞ்ச மழைய வார்த்தைல சொல்றது கஷ்டம். சில இடத்துல ஒரே நாள்ல 300 மில்லிமீட்டர் தாண்டிடுச்சு, 400 பேருக்கு மேல செத்துப்போனாங்க, மலைச்சரிவுல இருந்த வீடுங்க மண்ணோட மண்ணா கீழ வந்துடுச்சு. அப்புறம் விஞ்ஞானிங்க கணக்கு போட்டு சொன்னாங்க, முன்னாடி 40 வருஷத்துக்கு ஒரு தடவை வரக்கூடிய மழை பூமி சூடானதால இப்ப 20 வருஷத்துக்கு ஒரு தடவைன்னு ஆயிடுச்சுன்னு. அதாவது வாய்ப்பு ரெண்டு மடங்கு.

அந்த குவாரி ரோடுல பால்மியட் பொங்கி வந்து வீடுகள அடிச்சுட்டுப் போச்சு, ஆனா ஆளுங்க முன்கூட்டியே வெளிய வந்துட்டாங்க. காரணம் ஒரு வாட்ஸ்அப் குரூப், நம்புங்க. குவாஜுலு-நடால் யுனிவர்சிட்டி ஆராய்ச்சியாளருங்க, மாநகராட்சி ஆளுங்க, அந்த குடிசைல வாழற உள்ளூர் தலைவருங்க எல்லாரும் அதுல இருக்காங்க, வானிலை எச்சரிக்கை வந்தா அதுல வரும், ஆத்து மட்டம் ஏறினா அங்கயே இருக்கறவங்க ஃபோட்டோ எடுத்து போடுவாங்க, உடனே பக்கத்து வீட்ட எழுப்பி, கைக்குழந்தைய தூக்கி, மேட்டுக்கு ஏறிடணும். இந்த நம்பிக்கை ஒரே ராத்திரில வந்தது இல்ல, பல வருஷம் உக்காந்து பேசி பேசி வந்தது. அரசாங்கம் சொன்னா நகர மாட்டாங்க, வீட்ட விட்டு போனா திரும்ப விட மாட்டாங்களோன்னு பயம் இருக்கும்ல, ஆனா பக்கத்து வீட்டு அக்கா சொன்னா நகருவாங்க.

இந்த பால்மியட் போய் சேர்றது உம்கேனி ஆத்துல. உம்கேனிக்கு இன்னொரு வெள்ளக் கதை இருக்கு, நம்ம ஆளுங்க கதை. 1860ல கரும்புத் தோட்டத்துக்குன்னு மெட்ராஸ்லேர்ந்து கப்பல்ல கூட்டிட்டு போனாங்களே, ஒப்பந்தம் முடிஞ்சதும் அவங்கள்ல நிறைய பேர் உம்கேனி கரைல ஸ்பிரிங்ஃபீல்டு பள்ளத்துல தகரக் கொட்டாய் போட்டு காய்கறி வெள்ளாமை பண்ணாங்க, டின் டவுன்னே பேரு. 1917 அக்டோபர்ல ராத்திரியோட ராத்திரியா ஆறு உள்ள வந்துடுச்சு. அப்ப கடல்ல வலை போடற ஆறு பேர், மாரிமுத்து படவட்டான்னு ஒருத்தர் முன்ன நிக்க, மீன்பிடி படகை அந்த வெள்ளத்துல இறக்கி திரும்ப திரும்ப போய் கூரை மேலயும் மரத்து மேலயும் தொத்திட்டு இருந்தவங்கள கொண்டுவந்து கரை சேர்த்தாங்க. 170 பேருக்கு மேல. படவட்டான்ங்கற பேர வாய்விட்டு சொல்லிப்பாருங்க, படவு ஓட்டறவன்னு என் காதுக்கு கேக்குது. இன்னிக்கும் டர்பன் தமிழ் வீடுகள்ல அந்த ஆறு பேர் பேச்சு வந்தா குரல் மாறும்.

எனக்கு ரொம்ப நாளா நெஞ்சுல உறுத்தற விஷயம் என்னன்னா, 1917ல தண்ணில போனவங்க ஏழைங்க, 2022லயும் ஏழைங்க. ஆத்தங்கரை பள்ளத்துல குடியிருக்கணும்னு யாரும் ஆசைப்பட்டு போறதில்ல, வேற எடம் தரல, அதான். நிறவெறி காலத்துல எந்த நிறத்துக்காரன் எங்க இருக்கணும்னு சட்டம் போட்டு ஆளுங்கள அள்ளிக்கொண்டு போய் கொட்டுனாங்க, அந்த வரைபடம் மேலதான் இன்னிக்கும் மழை பெய்யுது. அப்ப படகு எடுத்துட்டு போறது எவ்ளோ பெரிய புண்ணியமோ, இவங்கள இங்க குடியிருக்க வச்சது யாருன்னு கேக்கறதும் அவ்ளோ பெரிய புண்ணியம்னு நான் நினைக்கறேன். கோயில், சர்ச், மசூதி முதல் வேலைய பிரமாதமா பண்ணும். 2022 வெள்ளத்துல, டர்பன்ல நம்ம ஆளுங்க நிறைய இருக்கற சாட்ஸ்வர்த்லயும் ஃபீனிக்ஸ்லயும் சாப்பாடு தண்ணி போர்வைன்னு எல்லா மதத்துக்காரங்களும் ஓடுனாங்க, கிஃப்ட் ஆஃப் த கிவர்ஸ் மாதிரி ஒரு முஸ்லிம் டாக்டர் ஆரம்பிச்ச அமைப்பு மதம் பாக்காம லாரி லாரியா அனுப்புச்சு. ரெண்டாவது வேலைக்கு வரும்போதுதான் பல பேர் அரசியல் நமக்கெதுக்குன்னு ஒதுங்கிடறாங்க.

ஒதுங்காதவங்களும் அதே நாட்டுல இருக்காங்க, அத சொல்லத்தான் இவ்ளோ எழுதறேன். சாஃப்சின்னு ஒரு சுற்றுச்சூழல் அமைப்பு, 2005ல ஜெஃப் டேவிஸ்னு ஒரு ஆங்கிலிகன் பிஷப் முயற்சில ஆரம்பிச்சது, கிறிஸ்தவங்க முஸ்லிம்க இந்துக்கள் யூதர்கள் எல்லாரும் அதுல உண்டு. 2014ல தென்னாப்பிரிக்க அரசாங்கம் ரஷ்யாவோட பிரம்மாண்டமான அணுமின் ஒப்பந்தம் ஒண்ணு போட்டுச்சு, 9,600 மெகாவாட், லட்சம் கோடி ராண்ட் ஆகும்னு பேச்சு, மக்கள் கிட்டயும் கேக்கல, பார்லிமெண்ட்லயும் முறையா விவாதம் இல்ல. சாஃப்சிலேர்ந்து லிஸ் மெக்டெய்ட், எர்த்லைஃப் ஜோஹன்னஸ்பர்க்னு இன்னொரு சுற்றுச்சூழல் அமைப்புலேர்ந்து மகோமா லெகலகலா, ரெண்டு பொண்ணுங்க சேர்ந்து கோர்ட்டுக்கு போனாங்க. அதோட நிக்கல, கேப்டவுன்ல பார்லிமெண்ட் வாசல்ல ஒவ்வொரு புதன்கிழமையும் போய் நின்னாங்க. அட்டை பிடிச்சுட்டு சும்மா நிக்கறது, ஜெபம் பண்றது, போறது, அடுத்த புதன் திரும்ப வர்றது. 2017 ஏப்ரல் 26ந்தேதி வெஸ்டர்ன் கேப் ஹைகோர்ட் அந்த ஒப்பந்தம் அரசியல் சட்டத்துக்கு விரோதம்னு ரத்து பண்ணிடுச்சு. அடுத்த வருஷம் ரெண்டு பேருக்கும் சுற்றுச்சூழலுக்காக போராடறவங்களுக்கு குடுக்கற கோல்ட்மேன் பரிசு.

அணுமின்சாரத்துல புகை வராதே, அத எதிர்க்கறது எப்படி பருவநிலைக்கு நல்லதுன்னு சிலர் கேப்பாங்க. நியாயமான கேள்விதான், எனக்கே அதுல முழு தெளிவு வர நாளாச்சு. ஆனா ஒரு நாட்டோட அடுத்த ரெண்டு மூணு தலைமுறைப் பணத்த பூட்டின ரூமுக்குள்ள அடகு வச்சுட்டா சூரிய மின்சாரத்துக்கும் சரி, வெள்ளம் வடிய வைக்கற கால்வாய்க்கும் சரி, மிச்சம் என்ன இருக்கும்? கோர்ட் பாத்ததும் முடிவு எடுத்த முறையத்தான். அந்த வாரா வாரம் வர்ற பழக்கம் இருக்கு பாருங்க, அது சாமி கும்புடறவங்களுக்கு ரத்தத்துல இருக்கு, வெள்ளிக்கிழமை தொழுகை, ஞாயித்துக்கிழமை சர்ச், பலன் உடனே தெரியலன்னாலும் போவோம்ல. மத்த இயக்கங்க ஆறு மாசத்துல களைச்சுப் போயிடும், இவங்க களைக்கறதில்ல. மரம் நடற விழாவ விட இந்தப் பிடிவாதம்தான் மதங்க கிட்ட இருக்கற பெரிய சொத்துன்னு நான் சொல்லுவேன்.

தெற்கு டர்பன்லயும் இதே பிடிவாதத்த பாத்தேன். மெரிபேங்க், வெண்ட்வொர்த் பக்கம் அப்ப ஓடிட்டிருந்த எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைங்களுக்கு நடுவுல வீடு, மெரிபேங்க்ல ஒரு ஸ்கூல்ல ஆராய்ச்சி பண்ணப்போ பாதி பிள்ளைங்களுக்கு மேல ஆஸ்துமா. எங்க புகையால இல்லன்னு ஆலைக்காரங்க சொன்னா என்ன பண்ணுவீங்க? அந்த ஜனங்க பிளாஸ்டிக் பக்கெட் எடுத்தாங்க. நம்ம வீட்டு பக்கெட் மாதிரிதான், மூடி போட்டு, உள்ள ஒரு ஸ்பெஷல் பை தொங்கும், வெளிய ஒரு வால்வு, சின்ன பம்ப். நாத்தம் அடிக்கறப்போ வாசல்ல வச்சு வால்வ திறந்தா காத்து அந்த பைக்குள்ள போகும், மூடி லேபுக்கு அனுப்பிடலாம். அதுக்கப்புறம் ஆதாரம் இல்லன்னு யாரும் சொல்ல முடியாது. டெஸ்மண்ட் டிசா, அவரும் சின்ன வயசுல நிறவெறிச் சட்டத்தால வெண்ட்வொர்த்துக்கு தள்ளப்பட்டவர்தான், இந்த ஜனங்கள சேர்த்து நச்சுக் குப்பைமேடு ஒண்ண இழுத்து மூட வச்சார். அவர் வீட்டுக்கு தீ வச்சாங்க. அப்பவும் நிறுத்தல.

கடைசியா டொங்காட். டர்பனுக்கு வடக்க, நம்ம சனங்க நிறைய இருக்கற ஊர், 2022 வெள்ளத்துல தண்ணி சுத்திகரிப்பு நிலையம் உடைஞ்சு மாசக்கணக்கா குழாய்ல சொட்டு வரல. ஆடி மாசம் ஒரு சின்ன மாரியம்மன் கோயிலுக்கு போயிருந்தேன், அங்க கூழ் ஊத்தறத போரிட்ஜ் ப்ரேயர்னுதான் சொல்லுவாங்க. ஒரு பாட்டி டேங்கர் தண்ணிய சொம்பால அளந்து அளந்து ஊத்தி அண்டாவ கழுவிட்டு இருந்தாங்க, கழுவின தண்ணியக்கூட கொட்டாம வாழைக்கு ஊத்துனாங்க. இங்கிலீஷ்ல பேசிட்டே நடுவுல தம்பின்னாங்க, உங்க ஊர்லயும் டேங்கர்தானான்னு கேட்டாங்க, மெட்ராஸ்ல எங்க தெருவுக்கு டேங்கர் வர்றத சொன்னேன். கூழ் காலியானதும் யாரும் வீட்டுக்கு கிளம்பல, அதே பந்தல்ல சேர வட்டமா போட்டு, தண்ணி எப்ப வரும், யார் கிட்ட கையெழுத்தோட மனு குடுக்கணும், எந்தெந்த தெருவுக்கு யார் போறதுன்னு பேச ஆரம்பிச்சாங்க. பாட்டி கைய முந்தானைல தொடச்சுட்டு வந்து முத சேர்ல உக்காந்தாங்க.