கதண்டுக் கூட்டுக்குத் தீப்பந்தமா?

‘பனையில் கதண்டு (பெரிய விஷக் குளவி) கூடு கட்டினால் ராத்திரி தீப்பந்தம் காட்டு, கொட்டினால் சுண்ணாம்பு தடவு, விஷம் இறங்கிடும்’ என்று திசையன்விளைப் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இரண்டுமே தப்பு.

ராத்திரியில்தான் அவ்வளவு கதண்டும் கூட்டுக்குள் அடைந்திருக்கும். காய்ந்த காவோலையில் தீ பற்றினால், எரிகிற மட்டை பந்தம் பிடித்தவர் தலையில்தான் விழும். தேனீ மாதிரி இது கொடுக்கை விட்டுவிட்டுப் போகாது. ஒன்றே பலமுறை கொட்டும். விஷம் தோலுக்கு அடியில் இறங்கிவிடுவதால் மேலே பூசும் சுண்ணாம்பு அதை முறிக்காது, தோலைத்தான் புண்ணாக்கும். நிறையக் கொட்டினால் சிறுநீரகம்கூடக் கெடலாம். மூச்சு இரைத்தாலோ முகம் வீங்கினாலோ உடனே 108.

கூட்டை அகற்ற 101, தீயணைப்புத் துறை. ஜன்னல் மூலையில் மண்கூடு கட்டும் குளவியா? அது பாவம், சீண்டாவிட்டால் அது பாட்டுக்கு இருக்கும்.