32 விழுக்காட்டினருக்கு வேலை இல்லையா?

"சிங்கப்பூரில் 32 விழுக்காட்டினருக்கு வேலை இல்லை, அரசாங்கம் மறைக்கிறது" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி நம் குழுக்களில் சுற்றுகிறது. தப்பு.

எதையும் யாரும் மறைக்கவில்லை. 2024ல் 15 வயதுக்கு மேற்பட்ட சிங்கப்பூரர்கள், நிரந்தரவாசிகளில் 68.2 விழுக்காட்டினர் ஊழியரணியில், அதாவது வேலை செய்பவர்களாகவோ வேலை தேடுபவர்களாகவோ, இருந்தார்கள். மீதி சுமார் 32ஐ அப்படியே வேலையில்லாதவர்கள் என்று எழுதிவிட்டார்கள். அதில் தொடக்கக் கல்லூரி மாணவர், ஓய்வுபெற்ற தாத்தா, வீட்டில் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டி எல்லாரும் அடக்கம்!

வேலை இல்லாமல், வேலைக்குத் தயாராக இருந்து, கடந்த நான்கு வாரங்களில் தேடியும் இருந்தால்தான் வேலையில்லாதவர்கள் கணக்கில் வருவார்கள். கொவிட் வாட்டிய 2020லேயே சிங்கப்பூரர்கள், நிரந்தரவாசிகளின் வேலையின்மை விகிதம் சராசரியாக 4.1 விழுக்காடுதான். தேடிச் சலித்து, தேடுவதையே விட்டுவிட்டவர்கள் இதில் வருவதில்லை, அந்தக் குறை உண்மை. அவர்களை மனிதவள அமைச்சு தனியாகக் கணக்கிடுகிறது. அவர்களைச் சேர்த்தாலும் 32ஐ நெருங்காது.

அமைச்சின் இணையத்தளத்தில் காலாண்டுக்கு ஒருமுறை வரும் ஊழியர் சந்தை அறிக்கையில் வேலையின்மை விகிதத்தை யாரும் பார்க்கலாம். வேலை போய் வீட்டில் தவிப்பவர்களும் நம் குழுக்களில் இருக்கிறார்கள், இந்தச் செய்தி அவர்களை இன்னும் பயமுறுத்தும். தயவுசெய்து இனி யாருக்கும் அனுப்பாதீர்கள், அனுப்பியவருக்கு இந்த விளக்கத்தை அனுப்புங்கள்.